ரிப்பிள் ராக் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கனடா மேற்கு கரையில வான்கூவர் தீவுக்கும் குவாட்ரா தீவுக்கும் நடுவுல சீமோர் நேரோஸ்னு ஒரு குறுகலான கப்பல் பாதை. அதுக்கு நட்டநடுவுல தண்ணிக்கடியில நின்ன ரெட்டைத்தலை மலைதான் ரிப்பிள் ராக். 1958ல அந்த தலைய வெடி வெச்சு எடுத்தாங்க. நான் வருஷக்கணக்கா இதையே தேடித்தேடி படிச்சவன், தயங்காம கேளுங்க.

கேள்வி: அண்ணா, கப்பலெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி போக வேண்டியதுதானே?

பதில்: பாறை மட்டும்னா ஒதுங்கிருக்கலாம் தம்பி. கடல் வத்துற நேரம் ஒரு முனைக்கு மேல 9 அடி தண்ணிதான், இன்னொண்ணுக்கு 21 அடி. நீரோட்டம் 15 நாட், அதாவது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் இழுக்கும், அது பாறைல அடிச்சு சுழி கிளம்புச்சுன்னா சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் கப்பல் கேக்காது. 1875ல சரனாக்னு அமெரிக்க போர்க்கப்பலே அங்க மோதி மூழ்கிப் போச்சு. அந்தப் பாறையால வருஷக்கணக்குல மொத்தமா நூறு உயிருக்கு மேல போயிருக்கு.

கேள்வி: மேல இருந்தே துளை போட்டு வெடிச்சிருக்கலாமே சார்?

பதில்: 1943ல துளை போடுற பார்ஜை (தட்டையான மிதவைப் படகு) கேபிள் போட்டு கட்டி நிறுத்தி பாத்தாங்க, ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி கேபிள் அறுந்துச்சு. 1945ல தண்ணிக்கு மேல உயரத்துல கம்பி இழுத்து அதுல பார்ஜை பிடிச்சு வெச்சாங்க, 1500 துளை திட்டம், 139 போட்டதோட நிறுத்திட்டாங்க. அப்புறம்தான் தண்ணிய விட்டுட்டு தண்ணிக்கு கீழ போற யோசனை. பக்கத்துல மாட் தீவுல 174 மீட்டர் கீழ குழி இறக்கி, அங்கேருந்து கடலுக்கு அடியில 762 மீட்டர் சுரங்கம் குடைஞ்சு, திரும்ப பாறைக்குள்ள 91 மீட்டர் மேல ஏறி ரெண்டு தலைக்குள்ளயும் போய்ட்டாங்க, 1955 நவம்பர்ல ஆரம்பிச்ச வேலை ரெண்டரை வருஷம் ஆச்சு. வெடிச்ச நாள எல்லாரும் பேசுறாங்க, எனக்கு பெருசா படுறது தலைக்கு மேல கடல் ஓட ஓட உள்ள நின்னு குடைஞ்ச அந்த ஆளுங்கதான்.

கேள்வி: மருந்து எவ்ளோ வெச்சாங்க?

பதில்: நைட்ரமெக்ஸ்னு ஒரு வெடிமருந்து, சுமார் 1270 டன். சுத்தி 5 கிலோமீட்டருக்கு ஆளுங்கள வெளியேத்திட்டு ஏப்ரல் 5 காலைல 9:31க்கு வெடிச்சாங்க. ஆறு லட்சம் டன்னுக்கு மேல பாறையும் தண்ணியும் 300 மீட்டர் உயரத்துக்கு எழும்புச்சு, சிபிசி டிவி கனடா முழுக்க லைவ்வா காட்டுச்சு.

கேள்வி: யாருமே எதிர்க்கலையா?

பதில்: எதிர்த்தாங்கம்மா. அந்த பாறை மேல தூண் வெச்சு வான்கூவர் தீவுக்கு ரயில் பாலம் கட்டணும்னு ஒரு கூட்டம் ரொம்ப நாள் கேட்டுட்டே இருந்தாங்க.

கேள்வி: இப்ப பயமில்லாம போகலாமா?

பதில்: வத்துன நேரத்துலயும் பாறைக்கு மேல சுமார் 45 அடி தண்ணி நிக்குது. ஆனா நீரோட்டத்த யாரும் வெடிக்க முடியாதே, பெரிய கப்பலெல்லாம் இன்னைக்கும் அது அடங்குற நேரம் பாத்துதான் உள்ள நுழையுது.