பழைய 'எதிர்கால' ஃபாண்ட்: செக்கில் பிறந்து போஸ்டருக்கு வந்த எழுத்து

கல்லூரி விழாவுக்குப் போஸ்டர் செய்கிறேன், அந்தக் காலத்து கம்ப்யூட்டர் எழுத்து மாதிரி அங்கங்கே புடைத்து நிற்கும் தடித்த ஆங்கில ஃபாண்டைப் போடலாமா, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தப் புடைப்பு ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டு போட்டால், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் செக் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பட்டையில் ஒரு வரி எண்கள் இருக்கும். முதலில் 6 இலக்கத்தில் செக் நம்பர், பக்கத்தில் ஒரு 9 இலக்க எண். அந்த ஒன்பதில் முதல் மூன்று ஊரைக் குறிக்கும் (சென்னைக்கு 600, மதுரைக்கு 625, பின்கோடின் தொடக்கமேதான்), அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. அந்த எண்களின் உருவத்துக்கு இ-13பி என்று பெயர். 1950-களில் அமெரிக்காவில் கையால் பிரித்து மாளாத அளவுக்குச் செக்குகள் குவிந்தபோது, பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்காக ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது இது.

அந்த மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும். இயந்திரம் முதலில் மையைக் காந்தமாக்கும், பிறகு ஒரு காந்த முனைக்கு முன்னால் செக்கை ஓட்டும். அந்த முனை நம்மைப் போல உருவத்தைப் பார்ப்பதில்லை. எந்தக் கணத்தில் எவ்வளவு மை கடந்து போகிறது, எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆக ஒவ்வொரு எண்ணுக்கும் வேறு வேறு அலை கிடைக்கிற மாதிரி மையைப் பங்கிட்டு வைத்தார்கள்: 1-க்குக் கீழே கனமான பாதம், 8-க்குக் கீழ்ப்பாதி பெருத்து, 2-ம் 5-ம் மெலிந்து. பெயரில் உள்ள 13 கூட 0.013 அங்குலக் கட்டத்தைக் குறிப்பதுதான், எல்லாக் கோடுகளும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கியவை. அழகுக்காக வைத்த கோடு அதில் ஒன்றுகூட இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்னவென்றால், இ-13பி-யில் எழுத்துகளே கிடையாது. பத்து எண்கள், நான்கு குறிகள், மொத்தம் 14. ஏ, பி, சி எல்லாம் டிசைனர்கள் பிற்பாடு கற்பனையில் வரைந்தவை. 1960-களில் லண்டனில் லியோ மேக்ஸ் வரைந்தது வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஃபாண்ட். 1970-ல் லெட்ராசெட்டுக்காக பாப் நியூமன் வரைந்தது டேட்டா 70, அதில் சிறிய எழுத்துகளும் உண்டு. லெட்ராசெட் என்பது தாளின் மேல் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும் ஷீட், அதனால் அச்சகம் இல்லாதவர்களும் இந்த எழுத்தைத் தலைப்பில் போட முடிந்தது. ஏ-யின் காலில் இருக்கும் புடைப்பை எந்த இயந்திரமும் படிக்கப் போவதில்லை, ஆனாலும் நம் கண் அதைக் 'கம்ப்யூட்டர்' என்று நம்புகிறது. ஒரு அறையை அடைத்துக்கொண்டு எங்கோ ஓடிய கம்ப்யூட்டரைச் சாதாரண மனிதர்கள் நேரில் பார்த்ததில்லை, செக்கின் அடியில் அதன் எழுத்தைத்தான் பார்த்தார்கள். இந்த ஃபாண்டில் இருக்கும் 'எதிர்காலம்' அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

சரி, உங்கள் போஸ்டர். இந்த ஃபாண்டை விழாவின் பெயருக்கு மட்டும் போடுங்கள். ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு. தேதி, இடம், பதிவுக் கட்டணம், போன் நம்பர் எல்லாம் சாதாரணமான, மெலிந்த ஒரு ஃபாண்டில் இருக்கட்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு விழா டி-ஷர்ட்டுக்கு நான் முதுகுப்பக்க வரிகள் முழுவதையும் இதே மாதிரி ஃபாண்டில் சின்னதாக வைத்துக் கொடுத்தேன். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை துணியில் கொஞ்சம் பரவத்தான் செய்யும், புடைப்புக்குப் பக்கத்தில் இருந்த குறுகிய இடைவெளிகள் எல்லாம் அடைபட்டு, பாதி எழுத்துகள் வெறும் கட்டிகளாக வந்தன. 200 சட்டை. ஆர்டர் கொடுத்த பையன்கள் எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு இறுதி அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று படித்துப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை ஒரே தட்டையான நிறம் போதும். பளபளப்பு, நியான் ஒளிவட்டம், நிழல் எதுவும் வேண்டாம், தடித்ததும் மெலிந்ததும் மாறி மாறி வருவதுதான் இந்த எழுத்தின் உயிர், அதன் மேல் எதைப் பூசினாலும் அதுதான் முதலில் மறையும். எழுத்துகளை நெருக்கியும் வைக்காதீர்கள். செக்கில் ஒரு அங்குலத்துக்கு 8 எண்கள் என்று சம இடைவெளியில் நிற்கும், அந்த நிதானம் தலைப்பிலும் தெரிய வேண்டும். இவ்வளவு முரட்டுத்தனம் வேண்டாம் என்று தோன்றினால் யூரோஸ்டைல் என்ற ஃபாண்டின் தடித்த, அகன்ற வடிவத்தைப் பாருங்கள். இத்தாலியில் ஆல்டோ நோவரேசே 1962-ல் வடிவமைத்தது, பழைய டிவி திரை போல மூலை மழுங்கிய சதுரங்கள், அதிலும் பழைய எதிர்காலம் உண்டு, ஆனால் சாந்தமானது.

அப்புறம், தலைப்பைத் தமிழிலும் இதே பாணியில் வைக்க ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆங்கிலப் புடைப்பை அப்படியே ண, ன மேல் ஒட்டாதீர்கள், சுழிக்குள் இருக்கும் வெளி அடைபட்டு இரண்டுக்கும் வித்தியாசம் போய்விடும். சுழிகளை மெலிதாக விட்டுவிட்டு, ப, ட, ம போன்றவற்றின் அடிக்கோட்டிலும் நேர்க்கோட்டிலும் மட்டும் கனத்தை ஏற்றிப் பாருங்கள். காகிதத்தில் பென்சிலால் கட்டம் போட்டு வரைந்தபோதுதான் எனக்கு அது சரியாக வந்தது.

ஃபாண்டை இறக்கும்போது லைசென்ஸையும் படித்துவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம் என்று இருந்தால், ஸ்பான்சர் பெயர் போடும் போஸ்டருக்கு அது செல்லாமல் போகலாம்.