டர்ஹாமின் கறுப்புக் கோடு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

மகனைப் பார்க்க இங்கிலாந்து போனபோது டர்ஹாம் தேவாலயத்துக்கு அழைத்துப்போனான். உள்ளே நுழைந்ததும் எனக்கு நெற்குதிர்தான் ஞாபகம் வந்தது. அவ்வளவு பருமனான தூண்கள்! கூரையைப் பாருங்கள் என்றார்கள், அதில் என்ன விசேஷம் என்று பிடிபடவில்லை. தரையில் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டி, அந்தக் காலத்தில் பெண்கள் இதைத் தாண்டக் கூடாது என்றார்கள். நிஜமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

குதிர் என்றது ரொம்பச் சரி. அந்த உருண்டைத் தூண்களின் சுற்றளவு 6.6 மீட்டர், உயரமும் அதேதான். குதிர் மாதிரியே உள்ளே வேறு சரக்கு: வெளியே தெரிவது செதுக்கிய மணற்கல், நடுவில் உடைகல்லும் சாந்தும்.

சரி, கூரை. கல்லாலேயே வளைத்துக் கட்டியது அது. 1093ல் அடிக்கல் போட்டு, 1133ல் கூரையை முடித்தார்கள். அரைவட்ட வளைவில் ஒரு சங்கடம் உண்டு, அதன் உயரம் அகலத்தில் பாதிதான். கூரையின் ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை போகும் வளைவு நீளமானது என்பதால் அதன் உச்சி மற்றதைவிட மேலே போய்விடும். டர்ஹாம் கொத்தர்கள் குறுக்கே போகும் வளைவுகளின் உச்சியை மட்டும் கூராக்கி மட்டம் சேர்த்துவிட்டார்கள். பின்னால் வந்த கோதிக் கட்டடக்கலை இந்தக் கூர்வளைவையும் விலா எலும்பு போன்ற கல்வரிகளையும் பிடித்துக்கொண்டுதான் வானத்துக்கு ஏறியது. ஆனால் இவர்களுக்கே தங்கள் கூரைமேல் முழு நம்பிக்கை இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இல்லாவிட்டால் இத்தனை தடித்த சுவர் எதற்கு? போதாததற்குப் பக்கவாட்டு மாடத்தின் கூரைக்குள், கண்ணில் படாமல், கால்வட்ட வளைவுகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. பலிபீடப் பக்கம் முதலில் போட்ட கூரை விரிசல் விட்டு, 13ஆம் நூற்றாண்டில் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

கறுப்புக் கோடு நிஜம்தான். ஃப்ராஸ்டர்லி பளிங்கு என்பார்கள், உண்மையில் அது சுண்ணாம்புக்கல். குனிந்து பார்த்தால் பவளப்பூச்சிகளின் புதைபடிவம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இங்கே அடக்கமாகியிருக்கும் புனித கத்பர்ட்டுக்குப் பெண்களைப் பிடிக்காது என்று காரணம் சொன்னார்கள். அவர் இறந்தது 687ல். அவர் வரலாற்றை எழுதிய பீட் துறவியோ, கத்பர்ட் கன்னிமடத் தலைவிகளோடு நல்ல பழக்கத்தில் இருந்ததைத்தான் எழுதியிருக்கிறார். அப்புறம் எப்படி வந்தது இந்த வெறுப்பு? 1083ல் பெனடிக்டைன் துறவிகள் வந்தபோது, அதுவரை குடும்பத்தோடு இருந்த குருமார்களை வெளியேற்றினார்கள். அதற்குத் தோதாகக் கதை வளர்ந்தது என்பது என் சந்தேகம்.

பெண்கள் வரலாம் என்று விட்டிருந்த மேற்குக் கோடி கலிலீ சிற்றாலயத்தைப் பார்த்தீர்களா? பீட் துறவியின் கல்லறை அங்கேதான் இருக்கிறது, கோட்டுக்கு இந்தப் பக்கம்.