கேக் அட்டைக்கும் சேர்த்தா காசு? கிறிஸ்துமஸ் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கிறிஸ்துமஸ் பற்றியவை. ஒரு பக்கம் அரையாண்டுத் தேர்வு, ஒரு பக்கம் கேரல் ரவுண்ட்ஸ், நடுவில் இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மதுரை விளக்குத்தூண் கடைவீதிக் கூட்டத்துக்குள் போய்வருவது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டேதான் எழுதியிருக்கிறீர்கள். ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று மாலை என் தோழிகளின் மூன்று குடும்பங்கள் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. என் பிள்ளைகளையும் சேர்த்து மொத்தம் ஏழு பிள்ளைகள். மூத்தவனுக்கு எட்டு வயது, என் கடைக்குட்டிக்கு இரண்டு. ஆளுக்கு 250 ரூபாய்க்குள் பரிசு வாங்க வேண்டும். போன வருடம் வாங்கிய ரிமோட் கார் வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது. கடையில் கேட்டால், "சீசன் சரக்குக்கா, மாத்த முடியாது" என்றுவிட்டார்கள். இந்த முறை எதைப் பார்த்து வாங்குவது? (வாசகி, ஞானஒளிவுபுரம்)

பதில்: முதலில் அந்த "மாத்த முடியாது" விஷயம். பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ரசீதில் ஒரு காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள் போக வேண்டும். ஒன்றும் போடவில்லை என்றால் 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று ரசீதின் அடியில் அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. ஆனால் பிள்ளைக்குச் சிவப்பு பிடிக்கவில்லை, நீலம்தான் வேண்டும் என்று போய் நின்றால் மாற்றித் தர வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. சீசன் நேரத்தில் அவரும் பாவம்தான்.

இதற்கெல்லாம் கையில் ரசீது இருக்க வேண்டும். 200 ரூபாய்க்குக் குறைந்த பொருளுக்கு, நாம் கேட்காவிட்டால் ஜிஎஸ்டி கடைகளே தனி ரசீது போடத் தேவையில்லை. அதனால் வாய்விட்டுக் கேளுங்கள். பேட்டரியில் ஓடும் பொருள் எதுவானாலும் கடையிலேயே பேட்டரி போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் நிற்கிறவர் முறைப்பார். முறைக்கட்டும்.

அடுத்து, வாங்கும்போது பார்க்க வேண்டியது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உள்நாட்டுப் பொம்மை, இறக்குமதிப் பொம்மை இரண்டுக்கும் இதே விதிதான். முத்திரையோடு 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியில் அந்த எண்ணை அடித்தால் தயாரிப்பாளரின் பெயர் வரும். அட்டைப்பெட்டியில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றாக இருந்தால் சரி. கடைக்குள் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

நடைபாதையில் குவித்துப் போட்டு விற்கும் பொம்மைகளில் பெரும்பாலும் இந்த முத்திரையைப் பார்க்க முடியாது. அங்கே போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நானே போகிறவன். கிளிப், வளையல், ரிப்பன் எல்லாம் அங்கே வாங்குங்கள். பொம்மையை மட்டும் கடையில் வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் எனக்குப் பயம் அந்த இரண்டு வயதுக் குழந்தையை நினைத்துத்தான். எட்டு வயதுப் பையனுக்குக் கொடுத்த பரிசு அரை மணி நேரத்தில் அதன் வாய்க்குப் போய்விடும். மினுக்கும் மோதிரம், பாடும் வாழ்த்து அட்டை, சின்ன ரிமோட் இதிலெல்லாம் பொத்தான் அளவில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டதா, நகத்தால் நெம்பினாலே திறக்கிறதா என்று பாருங்கள். நகத்தில் திறந்தால் அந்தப் பொம்மையே வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், அடுத்த வேளை வரை பார்ப்போம் என்று இருக்காமல், நேராகப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சின்ன உதிரிகளுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு உருளை வைத்திருப்பார்கள், அதற்குள் முழுதாக அடங்கிவிடும் துண்டு ஆபத்து. அந்த உருளையின் அகலம் 31.7 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதாவது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகூடக் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். கடையில் கைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அனுபவத்தில் சொல்வது: வயது கிட்டக்கிட்ட இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே பொருளை, ஒரே நிறத்தில் வாங்குங்கள். எங்கள் வீட்டில் ஒரு வருடம் நான்கு நிறத்தில் நான்கு பந்து வாங்கிவைத்து, அன்று மாலை முழுவதும் பஞ்சாயத்து பண்ணியே கழிந்தது. ஒரே பொருளாக ஆறேழு எடுத்தால் மொத்த விலை கேட்கவும் உங்களுக்கு வாய் இருக்கும். தோழிகளிடமும் இப்போதே பேசிவிடுங்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு பரிசு போதும் என்று. நான்கு வீட்டுக்காரர்களும் ஏழு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வாங்கினால் 28 பொட்டலம். அன்று ராத்திரி அந்தத் தாளையெல்லாம் யார் பெருக்குவது?

கேள்வி: போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு கிலோ பிளம் கேக் ஆர்டர் கொடுத்தோம். வீட்டில் எடை போட்டால் ஒன்றே முக்கால் கிலோவுக்கும் கீழே. கேட்டதற்கு, "அட்டையோடதான் சார் எடை, எல்லாக் கடையிலும் அப்படித்தான்" என்கிறார். அப்படித்தானா? மேலும் நண்பர் வீட்டில் முட்டை சாப்பிட மாட்டார்கள், அதை எப்படி உறுதிப்படுத்துவது? (வாசகர், புதூர்)

பதில்: எல்லாக் கடையிலும் அப்படித்தான் இருக்கலாம். அதற்காக அது சரியாகிவிடாது. எடை என்பது பொருளின் நிகர எடை மட்டும்தான். அட்டை, பெட்டி, ரிப்பன் எதற்கும் அதில் இடமில்லை. இனிப்புப் பெட்டியை வைத்து எடை போடுவதும் இதே தப்புதான்.

நானும் ஏமாந்தவன். போன வருடம் ஒரு கடையில் வாங்கிய ஒரு கிலோ கேக்கை வீட்டுச் சமையல் தராசில் வைத்தேன். பெட்டியோடு 1,010 கிராம் காட்டியது. ஆகா, பத்து கிராம் கூடவே கொடுத்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டுப் பெட்டியைக் கழற்றினேன். கேக்குக்கு அடியில் தங்கநிறத் தாள் ஒட்டிய, விரல் தடிமனில் ஒரு அட்டை. அதையும் எடுத்துவிட்டுப் போட்டால் 840. கிலோவுக்கு 600 ரூபாய் கொடுத்திருந்தேன். அட்டைக்கும் பெட்டிக்கும் மட்டும் கிட்டத்தட்ட நூறு ரூபாய். அந்த அட்டையைத் தூக்கிப் போட மனசு வராமல், இன்னும் வீட்டில் தோசைக்கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

இந்த முறை ஆர்டர் கொடுக்கும்போதே சீட்டில் "நிகர எடை 2 கிலோ" என்று எழுதச் சொல்லுங்கள். கூடவே முட்டை உண்டா இல்லையா, எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு முன்பணம் என்பதையும் எழுதி வாங்குங்கள். வாங்கும்போது வெறும் அட்டையையும் பெட்டியையும் தராசில் வைத்து எடையைக் கழித்துவிட்டு, அதன்பிறகு கேக்கை வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால், எடையளவுப் புகார்களைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதலாம். பெட்டியில் அடைத்து விற்கும் கேக் என்றால் அதில் எம்ஆர்பி, நிகர எடை, தேதி, தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். எம்ஆர்பியில் வரியும் அடக்கம். அதற்கு மேல் தனியாக வரி போட்டால் கொடுக்காதீர்கள். கேக்குக்கான ஜிஎஸ்டியே 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய 18-ஐ எங்காவது ரசீதில் பார்த்தால் கேளுங்கள்.

முட்டை விஷயம் சுலபம். பெட்டியில் பச்சை வட்டம் இருந்தால் முட்டை இல்லை. பழுப்பு முக்கோணம் இருந்தால் உண்டு. தனியாகச் செய்து தருகிற கேக்குக்கு அந்தச் சீட்டில் எழுதியதுதான் உங்களுக்கு ஆதாரம். பழங்களை ரம்மில் ஊறவைத்தீர்களா என்றும் கேட்டுவிடுங்கள், சாப்பிடப்போவது பிள்ளைகள். பழச்சாற்றில் ஊறவைத்துச் செய்கிற கடைகளும் உண்டு. (சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். பெரும்பாலும் அது சர்க்கரைப் பாகில் போட்ட பப்பாளிக்காய்.)

பிளம் கேக் நாள்பட நிற்கும். பத்து நாள் முன்பே வாங்கிவிட்டால் 24ஆம் தேதி கூட்டத்தில் நிற்க வேண்டாம். கிரீம் கேக்கை மட்டும் அன்றைக்கே வாங்குங்கள்.

கேள்வி: குடில் வைக்கச் சொரூபங்கள் எங்கே வாங்கலாம்? வீட்டில் மூன்று வயதுப் பையன், எதையும் விட்டுவைக்க மாட்டான். (வாசகி, பழங்காநத்தம்)

பதில்: திருப்பரங்குன்றம் பக்கம்தானே விளாச்சேரி, உங்களுக்கு எட்டும் தூரம். நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்கிற அதே கைகள்தான் கிறிஸ்துமஸுக்குக் குடில் செட்டும் செய்கின்றன. செய்கிறவர்களிடமே நேரில் வாங்கினால் விலை தணிவாக இருக்கும். உடைந்த ஆட்டுக்குட்டிக்கு மட்டும் ஜோடி கேட்டாலும் கிடைக்கும். உங்கள் பையனுக்குக் களிமண் ஆகாது, காகிதக்கூழில் செய்ததைக் கேளுங்கள். கீழே விழுந்தால் காது மூக்கு உடைவது குறைவு. எடுக்கும்போது தொட்டுப் பாருங்கள், வர்ணம் கையில் ஒட்டினால் வேண்டாம், அவன் வாயில் வைப்பான். குழந்தை இயேசுவை மட்டும் அலமாரி மேல் வைத்துவிடுங்கள். எப்படியும் 24ஆம் தேதி ராத்திரிதானே குடிலில் வைக்கப்போகிறீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவரிடம் மாதம் 500 ரூபாய் வீதம் 12 மாதம் கிறிஸ்துமஸ் சீட்டு கட்டினேன். டிசம்பர் 10-க்குள் மளிகையும் துணியும் வெள்ளிக் காசும் தருவதாகச் சொன்னார். இப்போது போனை எடுப்பதில்லை. அட்டையில் கையெழுத்து மட்டும் இருக்கிறது. (வாசகர், கரிமேடு)

பதில்: அட்டை இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம். முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் பணம் அனுப்பிய மாதங்கள் இருந்தால் அவற்றின் விவரத்தையும் எடுங்கள். பிறகு உங்களைப் போலக் கட்டிய மற்றவர்களைத் தேடுங்கள், ஒரு தெருவில் நீங்கள் ஒருவர் மட்டும் கட்டியிருக்க மாட்டீர்கள். 6,000 ரூபாய்க்கு ஒற்றை ஆளாகப் போலீஸுக்குப் போனால் "பேசித் தீர்த்துக்கோங்க" என்பார்கள். நாற்பது பேராகப் போனால் கதை வேறு.

சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். சீட்டு என்ற பெயரில் வைப்புத்தொகை வாங்கிவிட்டு, பணமாகவோ பொருளாகவோ தராமல் ஏமாற்றினால் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் (1997), முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டும் பாயும். பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். 1997 சட்டத்துக்கான தனி நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. "தை பிறக்கட்டும், தந்துடறேன்" என்று சீட்டு நடத்தியவர் ஆள் அனுப்புவார். அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், ஆனால் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த வருடத்துக்கு வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். வெள்ளிக் காசு தர மாட்டார்கள், போட்ட பணம் வட்டியோடு வரும்.

கேள்வி: சென்னையிலிருந்து என் கல்லூரித் தோழி குடும்பத்தோடு 23ஆம் தேதி வருகிறாள். ரயிலில் இடமே இல்லை. அவள் பிள்ளைகளுக்கு நான்கும் ஏழும் வயது, டிக்கெட் வேண்டுமா? (வாசகி, அண்ணா நகர்)

பதில்: நான்கு வயதுக்கு டிக்கெட் வேண்டாம், தனிப் படுக்கை வேண்டுமென்றால் மட்டும் முழுக் கட்டணம். ஏழு வயதுக்குப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. 23ஆம் தேதிக்கு அக்டோபர் 24 அன்றே எடுத்திருக்க வேண்டும். ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேரும் மாதம் இது. இனி தட்கல்தான்: முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு மற்றவை. 22ஆம் தேதி பஸ்ஸில் பகலில் கிளம்ப முடிந்தால் அதுவே மேல். பிள்ளைகளோடு ராத்திரி ஆம்னி பஸ் என்றால், ஏறும் இடத்தில் பேசும் கட்டணத்தை நம்பாமல், தொகை அச்சடித்த டிக்கெட்டை முன்பே கையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்தேன். 23ஆம் தேதி என்று சீட்டில் எழுதித் தந்தவர் போன வருடம் 26ஆம் தேதி கொடுத்தார். பிள்ளைகள் பழைய கவுனோடுதான் ஆராதனைக்கு வந்தார்கள். தையல்காரர் மேலெல்லாம் புகார் கொடுக்க முடியுமா? (வாசகி, நரிமேடு)

பதில்: முடியும். காசு வாங்கிக்கொண்டு செய்வது சேவை. சொன்ன தேதியில் தராதது சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அந்தச் சீட்டு இன்னும் உங்களிடம் இருந்தால் வழக்குக்குத் தெம்பு உண்டு.

ஆனால் 400 ரூபாய் தையல் கூலிக்காக ஆணையத்துக்கு நடக்க உங்களுக்கு நேரம் இருக்குமா என்று தெரியவில்லை. பெரும்பாலும் அந்தத் தையல்காரர் அதே தெருவில்தான் இருப்பார், நாளைக்கே ஒரு ரவிக்கைக்கு அவரிடம்தான் போக வேண்டும். அதனால் இந்த முறை சீட்டில் 23 என்று எழுதும் இடத்தில் 15 என்று எழுத வையுங்கள். முழுக் கூலியையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் வளர்கிறவர்கள், உள்ளே இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், ஈஸ்டருக்கும் ஆகும்.