மட்டக்களப்பிலுள்ள எங்கள் கடைச் சேர்வரைக் கொழும்பு டேட்டா சென்டரில் வைத்தால் கட்டுப்படியாகுமா?

கல்லடியில் கடைக்குள்ளேயே சேர்வர் ஓடுகிறது, கரண்ட் போனால் பில் போட முடியவில்லை என்கிறீர்கள். டேட்டா சென்டர் என்பது சேர்வர்களை மாத வாடகைக்கு வைக்கும் இடம். அங்கே கொண்டுபோய் வையுங்கள். வாவிக்கரைக் கடையொன்றில் நான் கழற்றிய சேர்வரில் உப்புக்காற்றால் ஆணித்தலைகள் துருவேறி, விசிறியில் தூசி பசைபோல அப்பியிருந்தது.

தூரம் பிரச்சினையில்லை. ஃபைபரில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். கொழும்புக்குப் போய்வரச் சில மில்லிசெக்கன்தான்.

செலவைக் கூட்டுவது மின்சாரம். அங்கே சேர்வர் பிடிக்கும் இடத்தை ‘யு’ என்ற உயர அளவில் கணக்கிடுவார்கள், 1யு என்றால் வெறும் 44.45 மில்லிமீற்றர். ஆனால் 300 வாட் இழுக்கும் பெட்டி 30 நாளில் 216 யூனிட் எடுக்கும், குளிரூட்டல் வேறு. ஆகவே மாத வாடகையில் எத்தனை வாட் அடக்கம் என்பதை முதலில் கேளுங்கள். பழைய பெட்டியை விற்றுவிட்டுக் குறைந்த வாட்டில் ஓடுவதை வாங்கினால், அந்தக் காசு வாடகையிலேயே மெல்ல மெல்லத் திரும்பிவிடும்.

அடுத்தது, சேர்வருக்கு அங்கே தரும் இணைப்பு வாயிலான போர்ட்டின் வேகம். செக்கனுக்கு 10 கிகாபிட் போர்ட்டில் 1 டெராபைட் தரவு 13 நிமிடத்தில் போகும், 1 கிகாபிட்டில் 2 மணித்தியாலத்துக்கு மேல். பில் போடும் வேலைக்கு 1 கிகாபிட் தாராளம். கடையிலிருந்து வெளியே போகும் உங்கள் லைன்தான் இடுக்கு. அதற்கு இரண்டாவது இணைப்பொன்று எடுங்கள்.

டிஸ்க் பழுதானால் அங்குள்ளவர்களே மாற்றித் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் இரவு பஸ் ஏறுவது நீங்கள்தான்.