கழுத்துக் கட்டியும் கடல்பாசி மாத்திரையும்

மேல்விஷாரத்திலிருந்து 48 வயது வாசகி: "கழுத்தில் பல வருடமாகத் தைராய்டு கட்டி இருக்கிறது. வீடியோ பார்த்து மகன் கெல்ப் கடல்பாசி மாத்திரை வாங்கித் தந்தான். ஒரு மாதமாகப் படபடப்பு, கை நடுக்கம், எடையும் குறைகிறது. கட்டி புற்றுநோயாகி விட்டதா? நோன்புக்குக் காய்ச்சும் கடல்பாசியையும் விட வேண்டுமா?"

அம்மா, அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் எழுதியிருப்பது புற்றுநோயின் அறிகுறி மாதிரி இல்லை, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது மாதிரி இருக்கிறது. தைராய்டு ஹார்மோனைச் செய்யப் பயன்படுத்துவது அயோடினை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான், அதை அயோடின் கலந்த சமையல் உப்பே பெரும்பாலும் கொடுத்துவிடும். கெல்ப்பில் சில வகைகளில் ஒரே கிராமில் 1000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும். நாள்பட்ட கட்டி உள்ள தைராய்டுக்கு இவ்வளவு அயோடின் போனால், கட்டியில் தன்னிச்சையாக வேலை செய்யும் பகுதி அதை வாங்கி ஹார்மோனைக் கொட்டத் தொடங்கலாம். 'இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது' என்று வீடியோவில் சொல்பவர் உங்கள் கழுத்தைத் தொட்டாவது பார்த்தாரா?

நான் பயப்படுவது அந்தப் படபடப்புக்குத்தான். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினாலோ, விட்டு விட்டுத் தாறுமாறாக அடித்தாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் ராணிப்பேட்டையோ வேலூரோ, எது பக்கமோ அங்கே அவசரப் பிரிவுக்குப் போய் ஈசிஜி எடுங்கள். தாறுமாறான துடிப்பில் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம், பக்கவாதம் வரும். அப்படி எதுவும் இல்லை என்றாலும் இந்த வாரமே டி.எஸ்.எச்., டி3, டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள். மாத்திரை டப்பாவைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், ஏனென்றால் உடம்பில் அயோடின் நிறைந்திருந்தால் கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கும் தைராய்டு ஐசோடோப் ஸ்கேன் சரியாகக் காட்டாது. மாத்திரையை நிறுத்தியதும் மறுநாளே சரியாகிவிடாது, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். அதற்குள் பக்கத்து வீட்டில் யாரோ சாப்பிடும் தைராய்டு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கட்டியைப் பற்றி: தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இருந்தாலும் ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடலாம், தேவைப்பட்டால் ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார்கள், அவ்வளவுதான்.

நோன்பு திறக்கும்போது ஒரு கிண்ணம் கடல்பாசி தாராளமாகச் சாப்பிடுங்கள். வெள்ளை இழைகளை ஊறவைத்துக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆறவைக்கிறீர்களே, அது வேறு பாசியிலிருந்து எடுப்பது. கெல்ப் அளவுக்கு அதில் அயோடின் கிடையாது, நார்ச்சத்து உண்டு, மலச்சிக்கலுக்கும் நல்லது. சர்க்கரையை மட்டும் குறையுங்கள். கடல்பாசி என்றாலே ஆர்செனிக் விஷம் என்று பரவுவதையும் நம்ப வேண்டாம், அந்தப் பிரச்சினை முக்கியமாக ஜப்பானில் சாப்பிடும் ஹிஜிகி என்ற வகையில்தான்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், இன்னொரு டப்பா மீதம் இருக்கிறது, மாசமாக இருக்கும் மருமகளுக்குச் சத்துக்காகக் கொடுக்கலாமா என்று. கூடவே கூடாது, அம்மா. கர்ப்பத்தில் அயோடின் கொஞ்சம் கூடுதலாகத் தேவைதான், ஆனால் இந்த அளவுக்குப் போனால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் தைராய்டு அடங்கிப் போகலாம். அந்த டப்பாவையும் தூக்கிப் போடுங்கள்.