கடலை மாவும் ஒளிந்திருக்கும் நெத்திலியும்: நீஸ் நகரில் என்ன சாப்பிடலாம்?

கேள்வி: ஜூன் மாதம் மூன்று நாள் பிரான்சின் நீஸ் நகருக்குப் போகிறோம். நான் எல்லாம் சாப்பிடுவேன். மனைவி சைவம், முட்டை மட்டும் உண்டு. பீட்சாவையும் பொரித்த உருளைக்கிழங்கையும் வைத்தே ஓட்டிவிட எங்களுக்கு மனமில்லை. அந்த ஊருக்கே உரிய சாப்பாடு, குடிக்கும் பானம் எவை? அவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: சைவக்காரரோடு பிரான்ஸ் போகிறவர்களுக்கு நீஸ் நல்ல தேர்வு. 1860-ல்தான் இது நிலையாகப் பிரான்சோடு சேர்ந்தது. அதற்கு முன் பெரும்பாலும் சவாய் அரச மரபின் ஆட்சியில், இத்தாலியப் பக்கம் இருந்த ஊர். அதனால் இங்கே சமையலுக்கு வெண்ணெயைவிட ஆலிவ் எண்ணெய்தான் முக்கியம். ஊருக்கே உரிய பண்டங்களில் பல, மாவையும் வெங்காயத்தையும் கீரையையும் வைத்து ஏழைகள் சமைத்தவை.

முதலில் சோக்கா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மாவை நீர்க்கக் கரைத்து ஊறவைத்து, பெரிய வட்டச் செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, விறகு அடுப்பின் கடும் சூட்டில் சுடுவார்கள். மேலே அங்கங்கே கருகி மொறுமொறுப்பாகவும், உள்ளே குழைவாகவும் இருக்கும். நம் கடலை மாவு தோசையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். காரம் கிடையாது, வெங்காயம் கிடையாது, தொட்டுக்கொள்ளவும் ஒன்றும் தர மாட்டார்கள். மிளகுத் தூளைத் தாராளமாகத் தூவிக் கையாலேயே பிய்த்துச் சாப்பிட வேண்டும். ஆறினால் ரப்பர். எனவே வெட்டித் தயாராக வைத்திருக்கும் துண்டை வாங்காதீர்கள். வரிசையில் நின்றாலும் பரவாயில்லை, அடுத்த தட்டு அடுப்பிலிருந்து வரட்டும். துறைமுகத்தை ஒட்டியுள்ள 'ஷே பிப்போ' 1923 முதல் இதைச் சுட்டு வருகிறது. பழைய நகரச் சந்துகளிலும் நல்ல கடைகள் இருக்கின்றன.

அடுத்தது, உங்கள் மனைவிக்கான எச்சரிக்கை. பிஸ்ஸலாதியேர் பார்வைக்குச் சுத்த சைவம்: ரொட்டி மாவின் மேல் மணிக்கணக்கில் வதக்கி இனிப்பேறிய வெங்காயம், சின்னக் கறுப்பு ஆலிவ். ஆனால் அந்தப் பெயரே 'பிஸ்ஸலா' என்ற உப்பிட்ட மீன் விழுதிலிருந்து வந்தது. இப்போது பெரும்பாலும் மேலே நெத்திலி வைக்கிறார்கள். மீனை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமே என்று நினைக்க வேண்டாம். வெங்காயத்தோடு விழுது கலந்திருக்கலாம், கேட்டுத்தான் வாங்க வேண்டும். 'பெத்தி ஃபார்சி' என்ற அடைத்த காய்கறிகளும் அப்படித்தான். வெளியே தக்காளி, கத்திரிக்காய், சுரைக்காய் மாதிரியான கூர்ஜெத்; உள்ளே பெரும்பாலும் கொத்துக்கறி.

அவர் கவலையில்லாமல் சாப்பிட ஜூன் மாதத்தில் நிறையவே கிடைக்கும். கூர்ஜெத் பூவை மாவில் தோய்த்துப் பொரித்த பெஞ்யே நம் பஜ்ஜிக்குச் சொந்தக்காரன். கத்திரிக்காய், கூர்ஜெத், தக்காளியை ஆலிவ் எண்ணெயில் குழைய வேகவைத்த ரத்தத்தூய் இந்த ஊர்ப் பண்டம்தான். பீட்ரூட் இனத்துக் கீரையான பிளெத்தை அரிந்து, உலர்திராட்சை, பைன் கொட்டை, சர்க்கரை சேர்த்து மாவுக்குள் மூடிச் சுடும் 'தூர்த் த பிளெத்' ஓர் இனிப்பு. கீரையில் இனிப்பா என்று முகம் சுளிக்காமல் ஒரு துண்டு வாங்குங்கள். சிலர் இதில் சீஸும் கொஞ்சம் ரம்மும் சேர்ப்பார்கள். பார்மேசான் சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கப்படுவது. இதைப் பார்ப்பவராக இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளட்டும். அதே கீரையில் செய்யும் பச்சை நிற நியோக்கிக்கு (வேகவைத்த சின்ன மாவுக் கொழுக்கட்டை) உள்ளூர் மொழியில் 'மெர்தா த கான்'. பொருள், நாய்க் கழிவு! வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். அதன் மேல் மாட்டிறைச்சிக் குழம்பு ஊற்றாமல், துளசி இனத்து இலையும் பூண்டும் அரைத்த பிஸ்தூ கேளுங்கள்.

உங்களுக்கு பான் பன்யா. 'நனைத்த ரொட்டி' என்று பொருள். வட்ட ரொட்டிக்குள் தக்காளி, முட்டை, சூரை மீன், நெத்திலி, ஆலிவ் எண்ணெய். எண்ணெய் ஊறியிருந்தால்தான் ருசி; மயோனைஸ் தடவினால் அது வேறு சாண்ட்விச். நீஸ் சாலட்டும் கிட்டத்தட்ட இதே சேர்மானம்தான். அதில் வேகவைத்த உருளைக்கிழங்கைப் பார்த்தால் உள்ளூர்ப் பெரியவர்கள் கோபப்படுவார்கள்.

குடிக்க: பெல்லே. நகர எல்லைக்குள்ளேயே, மேட்டுச் சரிவுகளில் விளையும் திராட்சையின் ஒயின். 1941 முதல் தனிப் பெயருரிமை பெற்றது. விளைச்சல் குறைவு, அதனால் விலை கொஞ்சம் கூடத்தான். சோக்காவுக்குச் சாதாரண ரொசே என்ற இளஞ்சிவப்பு ஒயினே போதும். மது வேண்டாமென்றால் 'உய்ன் கராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடுவையில் இலவசமாகத் தருவார்கள். வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் காசு போட்ட பாட்டில் வந்து நிற்கும்.

கூர் சலேயா சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்று காய்கறிக்குப் பதில் பழம்பொருட்கள்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது. இரண்டு மணிக்குமேல் பல சமையலறைகள் மூடிவிடும். அப்புறம், கடை வாசலில் உங்கள் மனைவி சொல்ல வேண்டியது: 'சான் வியாந்த், சான் புவாஸோன், சான்ஸ் ஆன்ஷ்வா'. இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், நெத்திலியும் வேண்டாம். மூன்றாவதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நெத்திலியை மீன் கணக்கில் சேர்க்காமல் மசாலாவாகப் பார்க்கும் சமையல்காரர்கள் உண்டு.