பாப்பாவுக்குக் கம்ப்யூட்டரா, வக்கீலா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேனுங்க. டெக்ஸாஸ் வந்து எட்டு மாசம் ஆச்சு, பாப்பா பதினொன்னாவது படிக்குது, கம்ப்யூட்டர் சயின்ஸும் நல்லா வருது, ஸ்கூல்ல டிபேட் பேசிப் பேசி வக்கீலாகற ஆசையும் வந்துருச்சு. காலேஜ்ல எந்த மேஜர், அதாவது எந்த முக்கியப் பாடம் எடுக்கறது, ‘ப்ரீ-லா’ன்னு ஒன்னு சொல்றாங்களே அது வேணுமான்னு கேட்டிருக்கீங்க. நான் அமெரிக்கா போயி 23 வருஷம். இப்ப நோம்பிக்கு லீவு போட்டுட்டு வந்து, கோபியில எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்துதான் எழுதறேன். பெருந்துறைக்காரருக்குக் கோபிக்காரன் சொல்றான்னு எடுத்துக்கோங்க.

நம்ம ஊர்ல பிளஸ் டூ முடிச்ச கையோட அஞ்சு வருஷச் சட்டப் படிப்புல சேந்துடலாம். அங்க அந்த வழி இல்லீங்க. நாலு வருஷம் ஏதாவது ஒரு டிகிரி முடிக்கணும், பெரும்பாலும் எல்சாட்டுங்கற நுழைவுத் தேர்வு எழுதணும், அப்புறம் மூணு வருஷம் ஜே.டி.ங்கற சட்டப் படிப்பு. அந்த நாலு வருஷம் என்ன படிக்கணும்னு யாரும் கட்டாயப்படுத்தறதில்ல. அங்கத்த வக்கீல் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷனே இன்ன மேஜர்தான் எடுக்கணும்னு சொல்றதில்ல. ப்ரீ-லாங்கறது பல காலேஜ்ல மேஜரே கிடையாது, ஆலோசனை சொல்ற ஒரு ரூமு, அவ்வளவுதான். அதுக்காக வெசனப்படாதீங்க.

இங்க ஒரு விசயம் புரிஞ்சாப் போதும். எங்கப்பா கீழ்பவானி வாய்க்கால் பாசனக்காரர். ஒரு முறை ஒத்தப்படை மதகுக்கு, அடுத்த முறை ரெட்டப்படைக்குன்னு தண்ணி விடுவாங்க. நம்ம முறையில மடை திறக்காம வுட்டுட்டா வரப்பு மேல நின்னு பாத்துட்டு இருக்க வேண்டியதுதான். கிணத்துத் தண்ணி அப்படி இல்ல, எப்ப வேணும்னாலும் மோட்டாரப் போட்டுக்கலாம். அமெரிக்காவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் வாய்க்கால் தண்ணி, சட்டம் கிணத்துத் தண்ணி. அங்க ரெண்டாம் வருஷம் வரைக்கும் மேஜர் சொல்லாம இருக்கலாம்னு உங்களுக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. நெசந்தான், ஆனா கம்ப்யூட்டருக்கு அத நம்பாதீங்க. நெறைய அரசுப் பல்கலைக்கழகத்துல விண்ணப்பத்துலயே அந்த மேஜர எழுதி இடம் வாங்குனவங்களுக்குத்தான் சீட்டு, நடுவுல உள்ள நுழையறது ரொம்பச் சிரமம். எங்க பக்கத்து வீட்டுப் பையன் எக்கனாமிக்ஸ்ல சேந்து ‘அடுத்த வருஷம் மாத்திக்கறேன்’னான். நாலு வருஷமும் எக்கனாமிக்ஸ்தான் படிச்சான். அதனால பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் மேல அரை மனசு இருந்தாலும் முதல் விண்ணப்பத்துலயே அத எழுதச் சொல்லுங்க. வக்கீலாகறத நாலு வருஷம் கழிச்சும் யோசிக்கலாம். ரெண்டையும் வுட மனசில்லைன்னா இல்லினாய் பல்கலைக்கழகம் மாதிரி எடத்துல கம்ப்யூட்டர் சயின்ஸோட மொழியியல், எக்கனாமிக்ஸ்னு சேத்துப் படிக்கற டிகிரியும் இருக்குது.

இதுல ஒரு சிக்கல் இருக்குங்க, நாங்க பட்டது. சட்டப் பள்ளிக்காரங்க முக்கியமாப் பாக்கறது ரெண்டு: ஜி.பி.ஏ.ங்கற காலேஜ் சராசரி மார்க், எல்சாட் மார்க். கம்ப்யூட்டர் பாடத்துல ஏ வாங்கறது லேசில்ல. அதக்கூட ஏத்துக்கலாம். எங்க பெரிய பொண்ணு பதினொன்னாவது படிக்கறப்ப, உள்ளூர் கம்யூனிட்டி காலேஜ் பாடம் ரெண்ட ஸ்கூல்ல இருந்தே எடுத்துச்சு, டூயல் கிரெடிட்டுனு சொல்வாங்களே அது. ஒன்னுல சி கிரேடு. நாங்க கண்டுக்கவே இல்ல. கம்ப்யூட்டர்ல சீட்டு கெடச்சுது, படிச்சுது, ரெண்டு வருஷம் வேலையும் பாத்துது, அப்புறம் ‘அப்பா, நான் லா போறேன்’னுச்சு. சட்டப் பள்ளி விண்ணப்பங்கள ஒன்னாச் சேத்து அனுப்பற எல்சாக்குங்கற அமைப்பு, முதல் டிகிரி முடிக்கறதுக்குள்ள படிச்ச அத்தன காலேஜ் பாடத்தையும் கூட்டித்தான் ஜி.பி.ஏ. போடுது. ஸ்கூல் காலத்துச் சி அங்க வந்து உக்காந்துருச்சு. பதினாறு வயசுல வாங்குன மார்க்குக்கு இருபத்திநாலு வயசுல அழுதுது, நானும் அவங்கம்மாவும் சமாதானம் சொல்லத் தெரியாம முழிச்சோம். டெக்ஸாஸ்ல அந்தப் பாடங்கள ஸ்கூல்லயே தள்ளி விடுவாங்க, பாத்துக்கோங்க.

எல்சாட் மார்க் 120-ல இருந்து 180 வரைக்கும். 2024 ஆகஸ்டுல இருந்து புதிர்ப் பகுதிய எடுத்துட்டாங்க. இப்ப வாதத்தப் பிரிச்சுப் பாக்கறதும் கடினமான பத்திகளப் படிக்கறதும்தான். மெட்டீரியல் வாங்கறத வுட வருஷத்துக்கு ஒரு தத்துவப் பாடமோ வரலாற்றுப் பாடமோ சேத்து எடுக்கறது உதவும்.

கம்ப்யூட்டர் படிச்சுட்டு வக்கீலானா வீணான்னு உங்க வீட்டுல கேட்டிருக்காங்க. நேத்து சாயங்காலம் அண்ணன் பையன் வந்தான். உங்க பக்கத்துக் காலேஜ்ல பி.இ., அப்புறம் கோயமுத்தூர் அரசு சட்டக் கல்லூரியில மூணு வருஷம் பி.எல். திருப்பூர்ல பனியன் ஏத்துமதி பண்றவர் ஒருத்தருக்கும் அவருக்கு ஸ்டாக் கணக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தவங்களுக்கும் வழக்கு. சொன்ன தேதிக்கு வேலை முடிஞ்சுதாங்கறதுதான் தகராறு. இவன் இதே திண்ணையில லேப்டாப்பத் தொறந்து, எந்த வரிய எந்த நாள் யாரு மாத்துனாங்கங்கற கமிட் லாக்க விரல வெச்சுக் கீழ இருந்து மேல படிச்சுட்டு இருந்தான். எதிர்த்தரப்பு வக்கீல் அதையே 300 பக்கம் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வெச்சிருக்காராம்!

அமெரிக்காவுல இன்னொன்னு. பேட்டன்ட் ஆபீசுல, அதாவது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை தர்ற எடத்துல, மத்தவங்களுக்காக ஆஜராகத் தனிப் பரீட்சை. அத எழுத அறிவியலோ இன்ஜினியரிங்கோ படிச்சிருக்கணும், கம்ப்யூட்டர் சயின்ஸும் செல்லும். பாஸ் பண்ணிட்டு வக்கீல் லைசன்ஸ் இல்லைன்னா பேட்டன்ட் ஏஜென்ட், இருந்தா பேட்டன்ட் அட்டர்னி. பொலிடிகல் சயின்ஸ் மட்டும் படிச்சுட்டுப் போற பிள்ளைக அந்தப் பக்கமே போக முடியாது.

விசா பத்தி நீங்க கேக்கல, ஆனா நீங்க வேலை விசாவான எச்-1பின்னு எழுதியிருக்கறதால சொல்றேன். பாப்பா எச்-4, உங்க விசாவச் சார்ந்த குடும்ப விசா. அதுல வேலை பாக்க முடியாது, சம்பளம் வர்ற இன்டர்ன்ஷிப்பும் முடியாது. 21 வயசு முடிஞ்சா எச்-4-ம் போயிரும், மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறணும். எஃப்-1-ல படிச்சு முடிச்சா ஒரு வருஷம் வேலை அனுமதி, ஸ்டெம் மேஜரா (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு) இருந்தா மேல 24 மாசம். ஜே.டி.க்கு அந்த 24 மாசம் இல்ல. மத்திய அரசு கல்விக்கடனும் கெடைக்காது. பேரு பெத்த தனியார் சட்டப் பள்ளியில மூணு வருஷ ஃபீஸ் மட்டுமே ரெண்டு லட்சம் டாலரத் தாண்டும். எங்களுக்கு அப்ப கிரீன் கார்டு வந்திருந்துது, அதனாலதான் சமாளிச்சோம். உங்க நிலைமையில கம்ப்யூட்டர் முதல்லங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பாப்பா இப்ப ஏதாச்சும் டூயல் கிரெடிட் எடுத்திருந்தா மார்க் எப்படிப் போகுதுன்னு பாருங்க. மோசம்னா, அந்தப் பாடத்துல இருந்து விலகறதுக்குக் கடைசி நாள் எதுன்னு ஸ்கூல்ல வழிகாட்டற கவுன்சிலர்கிட்ட இந்த வாரமே கேளுங்க.

நான் 20-ஆம் தேதி வரைக்கும் இங்கதான். பெட்டியில இன்னும் நாலு கிலோ எடமிருக்கு. அந்தச் சந்தகை அச்ச உங்கம்மாகிட்ட எடுத்து வெக்கச் சொல்லுங்க, பெருந்துறை வழியா வர்றப்ப வாங்கிக்கறேன்.